தாமினி: வெடிமருந்து அறைக்கு வெளியே இருக்க வேண்டிய செயலி

புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ இலவசச் செயலி. திறந்தால், நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டங்கள், கடந்த 5, 10, 15 நிமிடங்களில் விழுந்த மின்னல்கள் வெவ்வேறு நிறங்களில். அவ்வளவுதான். மழை எவ்வளவு பெய்யும் என்பது இதன் வேலையில்லை. சிவகாசிக்கு இந்தச் சிக்கனம் போதும். இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 20 கி.மீ. கோடையில் மதியத்துக்கு மேல் மேற்கு மலையில் திரளும் மேகம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்ந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் விழுந்த மின்னலைத் திரையில் பார்த்த பட்டாசு ஆலைக்கு 40 நிமிட அவகாசம் உண்டு. இடிச்சத்தம் 15 கி.மீ.க்கு அப்பால் கேட்பது அபூர்வம். மின்னலோ மேகத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளியும் விழும். காதை நம்புகிறவருக்கு அவகாசமே மிஞ்சாது.

ஆனால் அந்த 40 நிமிடத்தைப் பயன்படுத்த, நிறுத்தச் சொல்லும் உரிமையுள்ள ஒருவர் வேண்டும். ஸாரா ரதர்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 19 வயதில் ‘ஷார்க்’ என்ற குட்டி விமானத்தில் தனியாக உலகைச் சுற்றி, 2022 ஜனவரியில் பெல்ஜியம் திரும்பியவர். மேகத்துக்குள் நுழையாமல், கண்ணுக்குத் தெரியும் வழியில் மட்டுமே பறக்க வேண்டிய பயணம் அது. இந்தோனேசியாவில் இடிமழை குறுக்கிட்டதும் போர்னியோவின் கெத்தபாங்கில் இறங்கி, சின்ன விமான நிலையத்திலேயே இரண்டு நாள் காத்துக் கிடந்தார். பயணத்தை நிறுத்தும் முடிவை அவரே எடுக்க முடிந்தது. ஏனென்றால் விமானி அவர்தான். ஆலையில் அந்த இடத்தில் யார்? 2008 வெடிபொருள் விதிகள் இடிமழை நெருங்கினால் ஆட்களை வெளியேற்றச் சொல்கின்றன. பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருப்பவர் தானாக எழுந்து போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

‘இடிதாங்கி இருக்கிறதே’ என்பார்கள். அது காப்பது கட்டடத்தை. வெளியே காயும் வெடியையும், அறைக்கு அறை மருந்து சுமந்து நடக்கிறவரையும் அல்ல. ‘உள்ளே செல்போனே கூடாது’ என்பது இன்னொரு ஆட்சேபம்; சரியானதும்கூட. அதனால்தான் செயலி கேட்டருகே அலுவலகத்தில் இருக்க வேண்டும், சேதி மணியடித்து உள்ளே போக வேண்டும். மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: வட்டத்துக்குள் வரும் மேகமெல்லாம் தலைக்கு மேல் வராது, சாத்தூர் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டால் அரை நாள் கூலி வீண். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் தீபாவளி வேலை உச்சத்தில் இருப்பதும் ஒரே சமயம் வேறு. இதற்குச் செயலியில் பதில் கிடையாது. நிறுத்திய நேரத்துக்கு முதலாளி கூலி கொடுப்பதாக இருந்தால் மட்டுமே எச்சரிக்கைக்கு மதிப்பு. இழப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. மின்னல் 40 கி.மீ. வட்டத்துக்குள் வந்ததும் காயப்போட்டதை நிதானமாக எடுத்து வைக்கலாம். 20-க்குள் வந்தால் அறைகளைக் காலிசெய்யலாம். அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டாலே சூடேறக்கூடும் என்பதால், தூறலில் அள்ளி ஓடும் அவசரம் தவிர்வதே பெரிய லாபம்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: பேட்டரி சேமிப்பு வசதி பின்னணியில் ஓடும் செயலிகளை முடக்கிவிடும், இருப்பிடம் அணைந்திருந்தால் எச்சரிக்கையும் வராது. போர்மேனின் சொந்த போனில் போட்டுவைத்தால் அவர் சாப்பாட்டுக்குப் போகும்போது கூடவே போய்விடும். கேட்டில் சார்ஜரோடு ஒரு பழைய போன், அதற்கென்றே வைத்தால் போதும்.