முகம் காட்டாத குதிரைக்காரன்

‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர் வரிசை என்றாலே ‘ரகசியம்’தான் என்று சாதிப்பவர்களோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை. சித்தரும் நவபாஷாண லிங்கமும் அவர்களுக்கே இருக்கட்டும். இயக்குநர் நாகாவின் கைத்திறன் முழுதாக விளங்குவது ‘விடாது கருப்பு’வில், அதுவும் முடிச்சு அவிழும் அந்தக் கடைசிக் கட்டத்தில். வெள்ளைக் குதிரையில் வந்து தப்புச் செய்தவனை வெட்டிச் சாய்ப்பது கருப்பசாமிதான் என்று தோட்டக்காரமங்கலம் கிராமம் நம்புகிறது. அந்தக் குதிரை வரும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் குளம்புச் சத்தம், பிறகு ஓடும் கால்கள். மேலே இருப்பவனின் முகம் மட்டும் நமக்குக் கிடைப்பதே இல்லை. திகிலூட்ட எவரும் செய்யும் உத்திதானே என்று தோன்றும். கடைசியில், தான்தான் அந்தக் குதிரைக்காரன் என்பது சேத்தன் நடித்த ராஜேந்திரனுக்கே தெரியாது என்று வெளிப்படும்போது கணக்கு மாறிவிடுகிறது. அவன் அறியாததைத்தான் கெமரா நம்மிடமிருந்தும் மறைத்திருக்கிறது. மற்றக் குற்றக் கதைகளில் குற்றவாளி நம்மை ஏமாற்றுகிறான். இங்கே சேத்தனின் அப்பாவி முகம் ஒரு இடத்திலும் பொய் சொல்வதில்லை. விடை தெரிந்த பிறகு திரும்பப் பார்த்தாலும் அந்த முகத்தில் குறை பிடிக்க முடியாது. மர்மக் கதைக்கு இதைவிட நாணயம் வேண்டுமா?

சாமியைப் பிளவுண்ட ஆளுமை என்ற நோயாக்கிவிட்டார்கள் என்பது சிலர் சொல்லும் குறை. ஆனால் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவலிலிருந்து வந்த இந்தக் கதை, அந்த விடையை வானத்திலிருந்து இறக்கவில்லை. சிறுவன் ராஜேந்திரனின் காலம் இடையிடையே வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சிறுவனாக நடித்த லோகேஷின் மருண்ட பார்வையில் காரணம் முழுவதும் விதைக்கப்பட்டிருக்கிறது. 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழு’ படம் இதே நோயை முன்பே சொல்லிவிட்டதே என்பார்கள். சொன்னதுதான். ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் விடையைத் தந்துவிடும் சினிமாவுக்கும், வாரம் ஒருமுறை வந்து சந்தேகத்தை ஆறவிடாமல் வைத்திருந்த தொடருக்கும் வேலை வேறு. 2005இன் ‘அந்நியன்’ இந்த ஒப்பீட்டுக்கே வராது. அதில் முடியை விரித்துப் போட்டதுமே எல்லாம் தெரிந்துவிடுகிறது. நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பிளவுண்ட ஆளுமை உள்ளவர்கள் பிறரை வெட்டுவதைவிடத் தங்களையே வருத்திக்கொள்வதுதான் அதிகம். அந்த இடத்தில் தொடர் நோயாளிகளுக்கு அநீதி செய்கிறது.

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருது, கல்முனைப் பக்கம் எழும் மறுப்பு வேறு: கருப்பசாமி கதை முஸ்லிம் வீட்டில் எதற்கு? கடைசிவரை பார்த்தவர் இதைக் கேட்கமாட்டார். தெய்வத்தின் பெயரில் நடந்த கொலையை மனிதக் கையில் திருப்பி வைப்பதுதான் இந்தத் தொடரின் முடிவே. ஜின் உண்டு என்பது நமது ஈமான். குர்ஆனின் 72ஆவது சூராவுக்கு அதுதான் பெயர். ஆனால் ஒரு பிள்ளை இராவில் பிதற்றினால் உடனே ஜின் பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஓதவும் இசிம் (தாயத்து) கட்டவும் ஓடுகிறோமே, அதற்கு எந்த சூராவிலும் ஆதாரமில்லை. தொடரில் தேவதர்ஷினியின் டொக்டர் ரீனா கேட்கும் கேள்விகள் நம் வாசல்களிலும் கேட்கப்பட வேண்டியவை.

பின்னால் வந்தவற்றில் ‘நந்தினி’ தொடரின் கிராபிக்ஸ் பாம்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தினமும் அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டிய தொடரில் குளம்புச் சத்தம் கேட்கும் அளவுக்கு மௌனம் எங்கே கிடைக்கும்? ஒரு முகம் திரும்புவதற்கு மூன்று இடி இடிக்கிறது. 2022இல் வந்த ‘சுழல்’ இணையத் தொடர் மயானக்கொள்ளைத் திருவிழாவைக் குற்றத்தோடு கோத்த விதத்தில் இந்த மரபுக்குக் கிட்ட வருகிறது. ஆனால் எட்டு அத்தியாயங்களையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டதால் எவரையும் ஆற அமரச் சந்தேகிக்க வழியில்லை. இப்போது ‘விடாது கருப்பு’வுக்கும் யூடியூபில் அதே கதிதான். கடைசிப் பகுதியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா?” என்கிறவர்கள், லோகேஷ் வரும் காட்சிகள் அத்தனையையும் தாண்டிக் குதித்து வந்தவர்கள்.