இடது காலின் விலை

பழைய கார் விற்கும் இடத்தில் சாதாரண மனிதர் ஓட்டிய வண்டி ஒன்றுகூட இருக்காது. எல்லாமே 'டாக்டர் வண்டி'தான். சிங்கிள் ஓனர், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் எடுத்தது, ஏ.சி. கூடப் போட்டதில்லை. இத்தனை புகழாரத்துக்கு நடுவே "சார், இது ஆட்டோமேட்டிக்" என்று சொல்லும்போது மட்டும் புரோக்கரின் குரல் சற்று இறங்கும். வாங்க வந்தவரோடு துணைக்கு வந்திருக்கும் மச்சானோ சித்தப்பாவோ உடனே அவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். "புதுசுன்னா ஆட்டோமேட்டிக் எடு. பழசுன்னா மேனுவல்தான். மத்ததெல்லாம் கை கடிக்கும்."

இந்த அறிவுரையை நானும் பலருக்கு வழங்கியிருக்கிறேன். 2024 தொடக்கத்தில் என் இடது முழங்கால் கிளட்ச்சை மிதிக்க மறுத்து, நானே பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றைத் தேடி அலைந்தபோதுதான் அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கத் தோன்றியது.

அறிவுரை சும்மா பிறந்ததல்ல. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் கியர் கம்பி ஸ்டீயரிங்குக்குக் கீழேயே நீட்டிக்கொண்டிருக்கும். கியர் பாக்ஸ் கெட்டால் தெருமுனை மெக்கானிக் வேப்பமரத்தடியிலேயே அதை இறக்கி, பிரித்து, மாலைக்குள் மாட்டிக் கொடுத்துவிடுவார். பாகம் கிடைக்கவில்லையா, புதுப்பேட்டை இருக்கிறது. மாருதி 800 வந்த பிறகும் கதை மாறவில்லை. இன்றும் ஒரு சின்ன மாருதிக்குக் கிளட்ச் செட் மாற்றப் பொதுவாகப் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும், கூலியையும் சேர்த்து.

ஆனால் மேனுவலின் உண்மையான பலம் மலிவு அல்ல. அது தன் நோயை ஒளிக்காது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். என்ஜின் திணறி அணைந்தால் பிளேட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே நின்றால் கிளட்ச் செட்டின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். பெடலை மிதித்தால் கீச்சென்று ஒலித்து, விட்டதும் நின்றால் ரிலீஸ் பேரிங். இதற்கு நேர்மாறாக, காலை எடுத்திருக்கும்போது முனகி, மிதித்ததும் அடங்கினால் தேய்மானம் கியர் பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்' என்றால் சிங்க்ரோ வளையம். இதற்கெல்லாம் ஒரு ஸ்கேனரும் வேண்டாம். ஒரு காலும் ஒரு காதும் போதும்.

ஆட்டோமேட்டிக் அப்படிப்பட்டதல்ல. அதன் கம்ப்யூட்டர் உள்ளே நடக்கும் தேய்மானத்தைக் கணக்கெடுத்து, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் தானே ஈடுகட்டிக்கொண்டு போகும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஈடுகட்ட முடியாத நாளில்தான் வண்டி உதறும், எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த விளக்கையும் ஒரு ஸ்கேனரை மாட்டி ஐந்தே நிமிடத்தில் அணைத்துவிட்டு உங்களிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கலாம். வாங்குபவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு அது மறுபடி எரியும். மச்சானின் பயத்துக்கு இதுதான் வேர், அந்தப் பயம் நியாயமானது.

பிசகு வேறிடத்தில் இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரு பொருளே கிடையாது. அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நான்கு இயந்திரங்கள் விற்பனையில் இருக்கின்றன. எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்டர். இரண்டு கப்பிகளுக்கு இடையே எஃகுப் பட்டையை ஓடவிடும் சி.வி.டி. இரண்டு கிளட்ச்சுகளை மாற்றி மாற்றிப் பிடிக்கும் இரட்டைக் கிளட்ச். மேனுவல் பெட்டியின் தலையில் ஒரு ரோபோவை உட்கார வைத்த ஏ.எம்.டி. நான்குக்கும் ஒரே அறிவுரை சொல்வது, காய்ச்சல் என்று வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாத்திரையை நீட்டுவதுதான்.

நம் ஊர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். மறைமலைநகரில் தயாரானது ஃபோர்டு ஈகோஸ்போர்ட். 2013-ல் வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது 'பவர்ஷிஃப்ட்' என்ற ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி, அதுவும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். 2017 நவம்பரில் முகம் மாறி வந்த ஈகோஸ்போர்ட்டில் அதைத் தூக்கிவிட்டு டார்க் கன்வெர்டரை வைத்தார்கள். அந்தப் பழைய பெட்டியைப் பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டின் அந்நாட்டுக் கிளைக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பழைய கார் விளம்பரத்தில் இரண்டும் 'ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்' என்றுதான் இருக்கும். '2017 மாடல்' என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பது எது என்று தயாரித்த மாதத்தைப் பார்த்தால்தான் தெரியும். மேனுவல்தான் வேண்டும் என்று சொன்ன சித்தப்பா முதல் வண்டியிலிருந்து உங்களைக் காப்பாற்றியிருப்பார். இரண்டாவது வண்டியைக் காரணமே இல்லாமல் தட்டிவிட்டிருப்பார்.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவில் இன்னும் வேடிக்கை. 2020-ல் வந்த கிரெட்டாவின் 1.5 பெட்ரோலில் சி.வி.டி. வகை, டீசலில் டார்க் கன்வெர்டர், டர்போ பெட்ரோலில் இரட்டைக் கிளட்ச். ஒரே பெயர்ப்பலகைக்குள் மூன்று ஆட்டோமேட்டிக்குகள். "கிரெட்டா ஆட்டோமேட்டிக் எப்படி?" என்று யாராவது கேட்டால் "எந்த கிரெட்டா?" என்று திருப்பிக் கேட்காத மெக்கானிக்கின் பதிலை நான் நம்புவதில்லை.

உலர் இரட்டைக் கிளட்ச் விஷயத்தில் நானும் மச்சான் கட்சிதான். ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டிக்காக 2013-ல் சீனாவில் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அதன் செயற்கை எண்ணெய் மின்பாகங்களைப் பழுதாக்கியது என்று கண்டு, கனிம எண்ணெய்க்கு மாற்றினார்கள். அதே 2013-ல்தான் அந்தப் பெட்டியோடு போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இங்கே வந்தது. ஓட்டிப் பார்த்தால் மனம் பறிபோகும், அதை மறுக்க முடியாது. கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறும். ஆனால் மெக்கட்ரானிக் என்ற அதன் மூளைப்பகுதி போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். மே மாதத்துச் சென்னையில், அங்குலம் அங்குலமாக ஊரும் நெரிசலில், உலர் கிளட்ச் படும் பாட்டை விளக்கத் தேவையில்லை. வாரண்டி முடிந்த இத்தகைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவல்ல.

ஏ.எம்.டி.யின் கதை வேறு. 2014 பிப்ரவரியில் மாருதி செலரியோ வழியாக அது நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகமானது. மூன்று மாதம் கழித்து, மே மாதத்தில், உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. ஒரு யுகம் போய் இன்னொன்று வந்ததுபோலத் தோன்றும். ஆனால் செலரியோவின் பெட்டிக்குள் இருந்தது அதே பழைய மேனுவல்தான். கிளட்ச்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் இயந்திரக் கை. அதனால்தான் மைலேஜ் குறையவில்லை, விலையும் அதிகம் ஏறவில்லை. கியர் மாறும்போது தஞ்சாவூர்ப் பொம்மைபோலத் தலை ஒருமுறை ஆடும், அவ்வளவுதான்.

இதை வாங்குபவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. உள்ளே தேயும் கிளட்ச் பிளேட் இருக்கிறது, அதைப் பரிசோதிக்கப் பெடல் மட்டும் இல்லை. மேம்பாலச் சரிவில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். டார்க் கன்வெர்டரில் அது எண்ணெயைச் சூடாக்கும். ஏ.எம்.டி.யில் கிளட்ச்சையே கருக்கும். முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்று அறிய வழியில்லை. நான் செய்தது இதுதான்: ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மேடான தெருவில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னேன். அதிர்ந்துகொண்டே கிளம்பியது. கருகல் வாடையும் வந்தது. விலையைக் கேட்காமலே இறங்கிவிட்டேன். இத்தனைக்கும் ஏ.எம்.டி. தவறான தேர்வல்ல. கிளட்ச் மாற்றும் செலவை விலையில் முன்பே கழித்துக்கொண்டால், மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குப் புதிய கிளட்ச்சைக் கற்றுக்கொடுக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறை அருகில் இருந்தால், தாராளமாக வாங்கலாம். சிறு ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் பட்டறைதான் முதல் கேள்வி.

அறிவுரை முழுக்க வழுக்கி விழுவது டார்க் கன்வெர்டரில். எல்லோரும் 'பழைய தொழில்நுட்பம்' என்று ஒதுக்கும் பெட்டி இது. நான்கு கியர் மட்டுமே கொண்ட பழையவை பெட்ரோல் குடிக்கும் என்பதும் மெய்தான். ஆனால் என்ஜினையும் கியர் பாக்ஸையும் இங்கே இணைப்பது எண்ணெய். வண்டி கிளம்பும்போது உரசித் தேய ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளும் எண்ணெயில் ஊறியவை. அந்த எண்ணெயை மட்டும் காலாகாலத்தில் மாற்றி வந்தால் என்ஜினோடு போட்டி போட்டு உழைக்கும். 'ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்' என்று சில கையேடுகள் சொல்வதுண்டு. யாருடைய ஆயுள் என்று மட்டும் சொல்வதில்லை.

சென்னையில் பழைய ஆட்டோமேட்டிக் வாங்குபவர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு, வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை வண்டிகள் முங்கின என்று நமக்குத் தெரியும். மேனுவல் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எண்ணெயை வடித்து, கழுவி, புதிதாக ஊற்றிப் பெரும்பாலும் பிழைக்க வைத்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் போனால் கிளட்ச் வளையங்களில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலமே ஊறிப் பெயரும். மிக்ஜாமுக்குச் சில மாதம் கழித்து 2012 மாடல் ஐ10 ஆட்டோமேட்டிக் ஒன்றைப் பார்க்கப் போனேன். இருக்கைகள் பளபளவென்று இருந்தன, ஷாம்பூ மணம் வேறு. கூட வந்த மெக்கானிக் பாய் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். அடியில் இருந்த பகுதியில் மண் கோடு. பிறகு கியர் எண்ணெயின் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய எண்ணெய், ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது.

"சார், இத வாங்கினா நீங்க ஓட்ட மாட்டீங்க, நான்தான் ஓட்டுவேன். என் பட்டறைக்கு" என்றார் பாய்.

அதற்காக மேனுவல் எல்லாம் யோக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கிள் ஓனர் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எத்தனை ஆக்டிங் டிரைவர்கள் உட்கார்ந்தார்கள் என்று அதில் எழுதுவதில்லை. அரைக் கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்டும் ஒருவர் ஒரு நல்ல பிளேட்டை 50,000 கிலோமீட்டருக்குள் தீர்த்துவிட முடியும். பெரிய டீசல் வண்டிகள் சிலவற்றில் கிளட்ச்சோடு இரட்டை ஃப்ளைவீலும் சேர்ந்து போகும்போது பில் ஒரு சின்ன காரின் கிளட்ச் செலவைப் போலப் பல மடங்கு வரும். 'மேனுவல் என்றால் மலிவு' என்ற கணக்கு அங்கே பொய்த்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு மேனுவலைப் போல் வராது என்பார்கள். உண்மைதான். ஆனால் வருடத்தில் ஒரு நாள் ஏறும் கொல்லிமலைக்காக மீதி நாளெல்லாம் கத்திப்பாராவில் கிளட்ச் மிதிப்பவர்களை எனக்குத் தெரியும், நானே அவர்களில் ஒருவன். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளிலும் கியரைக் கையால் இறக்கிப் பிடிக்க வழி உண்டு. அதைத் தொட்டே பார்க்காமல், இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்து வீல் புகைய நிற்பவர்கள்தான் ஆட்டோமேட்டிக்கின் பெயரைக் கெடுப்பது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. நெடுஞ்சாலை ஓட்டமும் சிறு ஊர் வாசமும் என்றால் மேனுவல். தினமும் நகர நெரிசல், நாற்பதைத் தாண்டிய முழங்கால் என்றால் எண்ணெய் மாற்றிய பில்களோடு கிடைக்கும் டார்க் கன்வெர்டர். சி.வி.டி.யும் அதே நிபந்தனையில், நிறுவனம் சொன்ன எண்ணெயைத்தான் ஊற்றினார்கள் என்ற சாட்சியோடு. ஏ.எம்.டி., கிளட்ச் செலவைக் கழித்துக்கொண்டு. உலர் இரட்டைக் கிளட்ச், வாரண்டி இருந்தால் மட்டும். பில் இல்லாத ஆட்டோமேட்டிக்கைவிடப் பில் இல்லாத மேனுவல் மேல், அதன் குற்றத்தை உங்கள் காலே கண்டுபிடித்துவிடும் என்பதால். நான் கடைசியில் வாங்கியது 2017 கிரெட்டா, 1.6 பெட்ரோல், டார்க் கன்வெர்டர். மச்சான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் பார்க்கப் போவது எந்த வகை ஆட்டோமேட்டிக்கானாலும் சரி, காலையில் யாரும் வண்டியைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த பெட்டி 'டி'யில் விழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.