கதையும் கடையும்

கதையில் ஒரு பாத்திரம் மாண்டால் அச்சாவு எதன்பொருட்டு நேர்ந்தது என்று வினவுவது திறனாய்வாளன் கடன். விதியால் மாண்டானா, தன் குற்றத்தால் மாண்டானா, பிறரைக் காக்க உயிர் ஈந்தானா என்றெல்லாம் வகுத்துப் பார்க்கிறோம். கடைத்தட்டில் புதுச்சரக்குக்கு இடம் வேண்டுமென்பதற்காக ஒரு காவலன் மாண்டதுண்டா? உண்டு. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன் திரைப்படத்தில் அது நிகழ்ந்தது.

மிக்கி எலி முதலில் திரையில் ஓடியது. அதன் உருவம் பொறித்த கைக்கடிகாரம் 1933இல்தான் பின்தொடர்ந்தது. இங்கோ பொம்மை முந்திற்று. ஜப்பானியரின் உருமாறும் பொம்மைகளை ஹாஸ்புரோ நிறுவனம் 1984இல் புதுப்பெயரிட்டு விற்றது. அவ்விற்பனைக்குத் துணையாகப் பிறந்ததே தொலைக்காட்சித் தொடர். புதுப் பொம்மை வந்தபோதெல்லாம் புதுப் பாத்திரமும் வந்தாக வேண்டும். அதனால் தொடரில் பெயர்கள் பெருகினவேயன்றிப் பண்புகள் பெருகவில்லை. பெயரைச் சொல்லி, உருமாறிக் காட்டி, ஒதுங்கிக்கொள்ளும் பாத்திரங்களே மிகுதி. வாணிகம் கதைக்கு இழைத்த முதற் கேடு இதுவென்பேன்.

இக்கூட்டத்தில் ஒருவன் மட்டும் தப்பினான். லோரியாக மாறும் தலைவன் ஆப்டிமஸ் பிரைம். ஆழ்ந்த குரலும் அடக்கமும் சிறியோர்பால் பரிவும் உடையவன். பிள்ளைகள் அவனிடம் ஒரு தந்தையையே கண்டனர். இதனை வணிகர் அறிந்திலர். பழைய பொம்மைகளை விலக்கிப் புதியன விற்கும் காலம் வந்ததும், படத்தின் முற்பகுதியிலேயே அவனைப் போரில் வீழ்த்திவிட்டனர். அவனோடு பழைய தோழர் பலரும் மாண்டனர். தலைமை ஓர் இளையவனிடம் சென்றது. அவனும் புதுப் பொம்மையே.

வியப்பு யாதெனில், அச்சாக்காட்சி நன்றாகவே அமைந்துள்ளது. விரைவில்லை, ஆரவாரமில்லை, தலைவனின் நிறம் மெல்ல வெளிறுகிறது. அழுகைச் சுவைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்றன்றோ? பிள்ளைகள் அரங்கிலேயே அழுதனர், பெற்றோர் முறையிட்டனர். காரணம் விற்பனையாயினும் விளைந்த துயரம் பொய்யன்று. இவ்விடத்தில் என் கண்டனமும் சற்றுத் தடுமாறவே செய்கிறது. கடைக்காக எழுதப்பட்டது என்ற ஒன்றினாலேயே ஒரு காட்சியைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

ஆயின் அடுத்து நிகழ்ந்ததை மன்னிக்க என்னால் இயலவில்லை. எதிர்ப்புக்கு அஞ்சி 1987இல் அவனை உயிர்ப்பித்துத் தொடருக்கு மீட்டனர். அந்நிறுவனத்தின் மற்றொரு பொம்மைக் கதையான 'ஜி.ஐ. ஜோ' படத்திலும் டியூக் என்னும் வீரன் மாள்வதாகவே எழுதியிருந்தனர். நெஞ்சில் ஈட்டி பாய்ந்து அவன் சாயும் காட்சியை மாற்றவில்லை. அவன் நினைவிழந்து கிடக்கிறான் என்றொரு வசனத்தைச் சேர்த்து, முடிவில் அவன் தேறிவிட்டான் என்று திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரலைச் சொல்ல வைத்தனர்.