மூக்குக்கும் படிப்பு உண்டு

சங்கீதம் கேட்கப் பழக வேண்டும், சிற்பம் பார்க்கப் பழக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, வாசனையை மட்டும் மூக்கு தானாகவே தெரிந்துகொண்டுவிடும் என்று நினைக்கிறார்கள். நல்ல வாசனை, கெட்ட வாசனை என்ற இரண்டு வார்த்தைகளோடு அவர்கள் விமரிசனம் முடிந்துவிடுகிறது. ஒரு நாவலைப் படித்துவிட்டு, 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லி மூடி வைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வாசனைத் தொழிலுக்குப் பேர்போன பிரெஞ்சு ஊர் கிராஸ். 1946-ல் அங்கே ரூர் கம்பெனியின் வாசனைப் பள்ளியை ஆரம்பித்தவர் ழான் கார்ல். அவருடைய பாடமுறை எளிமையானது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வாசனைகளை முதலில் அடுத்தடுத்து முகர வேண்டும். எலுமிச்சை, கிராம்பு, சந்தனம் என்கிற மாதிரி. வேற்றுமை மனத்தில் படிந்த பிறகு ஒரே குடும்பத்துக்குள் வர வேண்டும். எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் என்ன பேதம்? முதல் பாடம் யாருக்கும் வந்துவிடும். இரண்டாவதில்தான் ரசனை பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தபடி, பொறுமை வேண்டும். கடையில் செண்டை மணிக்கட்டில் தடவி, அந்த நிமிஷமே தீர்ப்புச் சொல்லுகிறவர், முதல் பக்கத்தோடு நாவலை எடைபோடுகிறவர். எலுமிச்சை இன வாசனைகள் சீக்கிரமே பறந்துவிடும். பூவின் வாசனை சில மணி நேரம் நிற்கும். கட்டை, பிசின் முதலிய கனத்த சரக்குகள் காகிதத்துண்டில் மறுநாளும் இருக்கும். மூன்றையும் முகர்ந்தவனுக்குத்தான் அபிப்பிராயம் சொல்லும் உரிமை. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப் போகும். ஆகையால் ஒரு வேளைக்கு மூன்று நான்கு வாசனைகள் போதும்.

'இயற்கை உயர்வு, செயற்கை மட்டம்' என்ற பேச்சும் பழகாத மூக்கின் பேச்சுத்தான். கூமரின் என்ற பொருளை 1868-ல் பெர்க்கின் சோதனைச்சாலையில் தயாரித்தார். எமே கெர்லென் 1889-ல் செய்த 'ழிக்கி'யில், லாவண்டர் பூவோடு இந்தக் கூமரினும் வெனிலினும் சேர்ந்திருக்கின்றன. பூவைக் காப்பியடிப்பதிலிருந்து வாசனைக் கலை விடுபட இப்படிப்பட்ட சரக்குகளே வழி செய்தன.

நல்லது, கெட்டது என்ற பாகுபாடும் நிலைப்பதில்லை. கிராஸில் வாசனைக்காகப் பயிராகும் மல்லிகை நம்மூர்ப் பிச்சியின் இனம்தான். அதில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. மலத்திலும் அது உண்டு. தனியே செறிவாக முகர்ந்தால் முகம் சுளிக்கும். துளி அளவில் அதுவே பூவுக்கு உடலும் உயிரும் தருகிறது. அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது சோப்பு மல்லிகை. நாவலிலும் கெட்டவனை நீக்கினால் கதைக்கு இதே கதிதான்.

நம் பழைய தமிழில் 'நாற்றம்' என்ற சொல் நறுமணத்துக்கும் ஆகிவந்தது. இன்று அதை வசவாக்கி, துர்வாசனைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். சொல் குறுகும்போது மூக்கும் குறுகுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பிரான்சுக்குப் போகாமலே பாடத்தைத் தொடங்கலாம். மல்லிகையையும் பிச்சியையும் அருகருகே வைத்துக்கொண்டு, 'நல்ல', 'இனிய' என்ற சொற்கள் இல்லாமல், இரண்டுக்கும் உள்ள பேதத்தை மூன்று வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வந்துவிட்டால், விலையுயர்ந்த குப்பி எதைக் கண்டும் மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.