எது ஸ்டெலாரிஸ்? திருத்தப்படும் படைப்பும் விமர்சனத்தின் பொறுப்பும்

ஒரு நூல் அரங்கேறிய பின்னரே நூலெனக் கொள்ளப்படும் என்பது நம்மவர் மரபு. அவையிலே அறிஞர் குற்றங்குறைகளை எடுத்துக்காட்ட, ஆசிரியன் விடை பகர்ந்தோ திருத்தியோ அவர்களது உடன்பாட்டைப் பெறுவான். அதன் பின்னரே படைப்பு வெளியுலகை அடையும். அரங்கேற்றம் பற்றி வழங்கும் கதைகளிற் கற்பனை கலந்திருக்கலாம். ஆயினும் அவற்றின் அடியிலுள்ள எண்ணம் தெளிவானது: திருத்தம் முன்னது, வெளியீடு பின்னது. கணினி விளையாட்டுகளின் உலகிலே இவ்வொழுங்கு தலைகீழாகியுள்ளது. அங்கே வெளியீடு முன்னது, திருத்தம் பின்னது, அத்திருத்தமும் முடிவின்றித் தொடர்வது.

இந்நிலை விமர்சகனை ஒரு சங்கடத்துக்கு உள்ளாக்குகிறது. அவன் மதிப்பிட எடுத்துக்கொண்ட படைப்பு, மதிப்புரை அச்சேறுவதற்குள் வேறொன்றாகி விடுகிறது. அவ்வாறாயின் அவன் எதனை மதிப்பிடுவது? இவ்வினாவை 2016 மே 9 ஆந் திகதி வெளியான 'ஸ்டெலாரிஸ்' என்னும் விண்வெளி வியூக விளையாட்டினை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டு ஒன்று விமர்சனத்துக்குரிய பொருளாகுமா எனச் சிலர் வினவக்கூடும். நாவலும் திரைப்படமும் தத்தம் தொடக்க காலத்தில் இதே ஐயத்தை எதிர்கொண்டவையே. இலட்சக்கணக்கான இளைஞரின் ஓய்வு நேரத்தையும் கற்பனையையும் ஆட்கொண்டுள்ள ஒரு வடிவத்தை விமர்சனம் புறக்கணிக்குமாயின், அதனால் நட்டமடைவது விமர்சனமேயன்றி அவ்வடிவம் அன்று.

ஸ்டெலாரிஸினை ஆக்கியோர் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரிலுள்ள பரடொக்ஸ் நிறுவனத்தினர். அதற்கு முன்னர் அவர்கள் பெரும்பாலும் வரலாற்றுக் காலங்களை நிலைக்களனாகக் கொண்ட வியூக விளையாட்டுகளாலேயே புகழ் பெற்றிருந்தனர். ஐரோப்பிய அரசுகளின் எழுச்சியையோ மத்தியகால அரச குடும்பங்களின் பூசல்களையோ பொருளாகக் கொள்ளும்போது, படைப்பாளிக்குப் பாதி வேலையை வரலாறே செய்து கொடுத்துவிடுகிறது. பகைமைகள், எல்லைகள், மதங்கள், பழைய வஞ்சங்கள் யாவும் முன்னரே உள்ளன. விண்வெளியிலோ இவை எதுவுமில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக உருவாக்கப்படும் விண்மீன்மண்டலத்துக்குக் கடந்தகாலம் கிடையாது. ஸ்டெலாரிஸின் தொடக்ககாலக் குறைபாட்டுக்கு மூலகாரணம் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் வெளியீட்டை விளையாடியோர் பலரும் ஒரே அனுபவத்தைக் கூறினர். தொடக்கம் கவர்ச்சி மிக்கது. ஆய்வுக்கலம் ஒன்று அறியாத விண்மீன்களை நோக்கிச் செல்கிறது; விசித்திரமான தடயங்கள் தோன்றுகின்றன; சிறுசிறு கதைகள் விரிகின்றன. முடிவும் அவ்வாறே, விண்மீன்மண்டலம் முழுவதையும் விழுங்க வரும் பேரிடர் ஒன்று ஆட்டத்துக்கு உச்சத்தைத் தருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்திலேதான் வெறுமை நிலவியது. தேடுவதற்கு இடமின்றி எல்லைகள் முட்டிக்கொண்டபின் காத்திருப்பதைத் தவிர வேறு செயல் அதிகமில்லை. தானே உருவாக்கிய குடியேற்றங்களிலும் சிலவற்றுக்கு மேல் விளையாடுவோன் நேரடியாக நிருவகிக்க முடியாது. எஞ்சியவற்றைக் கணினி நிருவகிக்கும் 'பிராந்தியங்களிடம்' ஒப்படைக்க வேண்டும். அந்நிருவாகமோ திறமையற்றதெனப் பரவலாகக் கண்டிக்கப்பட்டது. இயங்காது வீழ்ந்த படைப்பென ஸ்டெலாரிஸினைக் கூறுவது பொருந்தாது. முன்வாசலும் பின்வாசலும் அழகுறக் கட்டப்பட்டு நடுவீடு கட்டப்படாத மனை என்பதே பொருந்தும்.

இம்மனையைக் கட்டி முடிக்க வந்தவையே 'பட்ச்' என விளையாடுவோர் வழங்கும் திருத்தங்கள். இவற்றுட் பலவற்றுக்கு அறிவியற் புனைகதை எழுத்தாளரின் பெயர்களே சூட்டப்பட்டன. 2016 யூன் மாதத்தில் வந்த முதற் பெருந்திருத்தத்தின் பெயர் 'கிளார்க்'. 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையை வாழிடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க்கின் பெயரே அது. இப்பெயர்ச்சூட்டலில் ஆக்கியோர் எண்ணியிராத ஒரு பொருத்தமும் உண்டு. அதனைப் பின்னர் நோக்குவோம்.

வந்த திருத்தங்களுள் இரண்டு தனித்து ஆராயத்தக்கன. முதலாவது, 2018 பெப்ரவரியில் வெளியான 2.0. அதுவரை ஒவ்வொரு பேரரசும் விண்மீன்களிடையே பயணஞ்செய்யும் மூன்று முறைகளுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெரிவு செய்தது. ஒன்று எத்திசையிலும் தாவிச் செல்வது. இன்னொன்று நிலையங்கள் அமைத்து அவற்றின்வழி செல்வது. மற்றொன்று விண்மீன்களை இணைக்கும் நிலையான பாதைகளிற் செல்வது. 2.0 முன்னிரண்டையும் தொடக்கத் தெரிவிலிருந்து நீக்கிப் பாதைகளை மாத்திரம் யாவர்க்கும் பொதுவாக்கியது. தெரிவுகள் குறைந்தன என்று பலர் வெகுண்டனர். ஆனால் விளைவை நோக்குக: பகைவன் எங்கிருந்தும் வரலாம் என்ற நிலையில் எல்லை என்பதற்குப் பொருளில்லை; கோட்டை கட்டுவதற்கு இடமில்லை. பாதைகள் நிலைத்ததும் கணவாய்கள் தோன்றின. கணவாய்கள் தோன்றியதும் காவலும் முற்றுகையும் அயலுறவும் பொருள் பெற்றன. வரலாறு கொடுக்காத புவியியலை ஒரு திருத்தம் கொடுத்தது. கழித்தலின் மூலம் ஒரு படைப்பு செழுமையடைய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, அதே ஆண்டு டிசெம்பரில் வந்த 2.2. 'லெ குவின்' என்பது அதன் பெயர். முன்னர் ஒரு கோள் என்பது சில சதுரங்கள். சதுரமொன்றுக்கு ஒரு குடித்தொகை அலகும் ஒரு கட்டடமும். 2.2 அச்சதுரங்களை முற்றாக அகற்றியது. அவற்றின் இடத்தில் தொழில்களும் வதிவிடங்களும் வேலையின்மையும் குற்றச்செயல்களும் வந்தன. ஆள்வோர், வல்லுநர், தொழிலாளர் எனச் சமூகம் அடுக்குகளாகப் பிரிந்தது. அதுவரை எண்களாக இருந்த மக்கள் ஒரு சமூகமாயினர். உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இதுவே ஸ்டெலாரிஸ் கண்ட மிகப்பெரிய முன்னேற்றம் எனலாம்.

ஆயின் உருவம் இவ்வுள்ளடக்கத்தைத் தாங்கவில்லை. ஒவ்வோர் அலகின் தொழிலையும் வாழ்நிலையையும் கணினி மீண்டும் மீண்டும் கணித்தல் வேண்டும். மக்கள்தொகை பெருகப் பெருக ஆட்டத்தின் பிற்பகுதி நத்தைபோல் ஊர்ந்தது. கணினி ஆளும் எதிரிப் பேரரசுகளோ புதிய பொருளாதாரத்தை நடத்தத் தெரியாது தடுமாறின. 2021 ஏப்பிரலில் வந்த 3.0 இதற்கு விசித்திரமான ஒரு பரிகாரத்தைக் கண்டது. பேரரசு பெருக மக்கட்பெருக்கம் குறையும்படி விதியே மாற்றப்பட்டது. அம்மாற்றத்துக்குக் கணினியின் சுமையைக் குறைத்தல் ஒரு காரணமாயிற்று. பொறியின் இயலாமை அக்கற்பனை உலகத்தின் இயற்கை விதியாகிவிட்டது! உள்ளடக்கமும் உருவமும் ஒன்றையொன்று தீர்மானிப்பது பற்றி நாம் வகுப்பறையில் கற்கிறோம். அதற்கு இதனினும் வெளிப்படையான உதாரணம் கிடைப்பது அரிது.

இக்குறைகள் ஏன் இவ்வளவு காலம் நீடித்தன? விடை பொருளாதாரத்தில் உள்ளது. திருத்தங்கள் இலவசம், அவற்றோடு சேர்ந்து வரும் விரிவாக்கத் தொகுதிகள் விலைக்கு உரியவை. பழையதைச் செப்பனிடும் உழைப்புக்குப் புதியதன் விற்பனையே ஊதியமளிக்கிறது. எனவே புதியதைச் சேர்க்கும் உந்துதல் எப்போதும் முந்திக்கொள்கிறது. சேர்க்கப்பட்ட புதியது மேலும் பல பிழைகளைக் கொணர்கிறது. 2021 இல் இந்நிறுவனம் பழைய உள்ளடக்கத்தைப் பேணித் திருத்துவதற்கெனவே 'காப்பாளர்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு தனிக்குழுவை அமைத்தது. பேணுதலும் படைப்புத்தொழிலின் ஒரு பகுதியே என்பதை ஏற்றுக்கொண்ட செயல் அது, அவ்வளவில் பாராட்டுக்குரியது.

பிற உதாரணங்களையும் ஒப்புநோக்கலாம். கனடாவின் கேர்பெரொஸ் நிறுவனம் ஆக்கி, பரடொக்ஸ் நிறுவனமே வெளியிட்ட 'சோர்ட் ஒவ் த ஸ்டார்ஸ்' இரண்டாம் பாகம் 2011 ஒக்டோபரில் முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. ஓராண்டுக்கு மேலாகத் திருத்தங்கள் தொடர்ந்தன. 2012 இன் இறுதியில் மேம்படுத்திய பதிப்பும் வந்தது. எனினும் முதல்நாளின் அவப்பெயர் அதனை விட்டு நீங்கவில்லை. மாறாக, 2016 ஓகஸ்டில் வெளியாகி வாக்குறுதிகளை நிறைவேற்றவில்லை எனக் கடுங்கண்டனத்துக்குள்ளான 'நோ மான்ஸ் ஸ்கை', வியூக விளையாட்டு அன்றெனினும், பல ஆண்டுகள் இலவசமாகவே தந்த விரிவுகளால் நற்பெயரை மீட்டுக்கொண்டது. திருத்தம் மீட்பளிக்கும் என்பது உறுதியன்று. மீட்பு கிட்டியோரின் கதைகளே மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதால் அது உறுதிபோலத் தோன்றுகிறது.

ஸ்டெலாரிஸினது வரலாறும் இவ்வெச்சரிக்கையை வலியுறுத்துகிறது. 2025 மே மாதத்தில் வெளியான 4.0 மக்களைத் தனித்தனி அலகுகளாகவன்றிக் குழுக்களாகக் கணிக்கும் புதிய முறையைப் புகுத்தியது. பழைய சுமையைக் குறைப்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயின் அது பிழைகள் மலிந்த நிலையில் வந்து, அடுத்தடுத்த வாரங்களில் திருத்தத்தின் மேல் திருத்தத்தை வேண்டிநின்றது. ஒன்பதாண்டு அனுபவத்தின் பின்னரும் அதே கதை! வளர்ச்சி என்பது நேர்கோடன்று.

இனித் திருத்தங்கள் தொடாதவற்றையும் நோக்குதல் வேண்டும். இவ்வகை விளையாட்டுகள் நான்கு வினைகளின்மேல் எழுந்தவை: தேடல், விரிதல், சுரண்டல், அழித்தல். குடியேற்றவாதத்தின் வினைகளும் இவையே. பயணமுறை மாறிற்று, பொருளாதாரம் மாறிற்று, எல்லைகள் மாறின. இந்நான்கு வினைகளோ பெரிதும் மாறவில்லை. 2023 இல் வந்த 'முதற்றொடர்பு' என்னும் பொருள்தரும் தொகுதி, விண்ணிலிருந்து வந்தோரால் அடிமைப்படுத்தப்பட்டோ தாக்கப்பட்டோ மீண்டெழுந்த சமூகங்களாக விளையாட வழிசெய்தது. ஆக்கிரமிக்கப்பட்டோரின் கண்ணால் அவ்வுலகைப் பார்க்கும் முயற்சி அது. ஆனால் அதுவும் விலைக்கு விற்கப்பட்டது. பிழைதிருத்தம் இலவசம், பார்வை மாற்றமோ பணத்துக்கு. இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டாது 'ஆட்டம் முன்னேறிவிட்டது' எனக் கூறும் மதிப்புரை முழுமையற்றதாகும்.

இப்போது கிளார்க்குக்குத் திரும்புவோம். 1948 இல் சஞ்சிகையொன்றிலும் 1953 இல் நூலாகவும் வந்த தமது ஆரம்பகால நாவலொன்றில் நிறைவு காணாத அவர், அதனை முற்றாகத் திருத்தியெழுதி 1956 இல் 'நகரமும் விண்மீன்களும்' எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். ஆயினும் முந்திய நூல் அழியவில்லை. இரண்டும் வாசிக்கப்பட்டன; முந்தியதையே விரும்பியோரும் உளர். புதிய பாடம் பழைய பாடத்தைக் கொல்லவில்லை. கணினியிலோ புதிய திருத்தம் பழைய படைப்பின் மேலேயே எழுதப்படுகிறது. ஸ்டெலாரிஸினைப் பொறுத்தவரை ஸ்டீம் தளத்தில் முந்திய பதிப்புகள் பலவற்றைத் தெரிவுசெய்து பெறும் வசதி உண்டு. ஏடு தேடிப் பாடபேதங்களை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியரின் வழிவந்த நமக்கு இவ்வசதியின் அருமை எளிதிற் புரியும். பழைய கணினியை வைத்திருப்பவனுக்கோ அது வெறும் ஆராய்ச்சி வசதியன்று; தான் வாங்கிய பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை.

இவற்றிலிருந்து விமர்சகனின் பொறுப்புகளாக மூன்றைக் கூறலாம். ஒரு படைப்பு எந்நாளில் விலைக்கு வந்ததோ அந்நாளில் அது எவ்வாறிருந்தது என்பதைப் பதிவுசெய்தல் முதலாவது. நாளை திருந்தும் என்ற நம்பிக்கையை இன்றைய மதிப்பீட்டிற் சேர்ப்பது, விளைச்சலைக் காணாமலே வயலுக்கு விலைபேசுவதாகும். இரண்டாவது, திருத்தங்கள் படைப்பை எத்திசையில் நகர்த்துகின்றன என்பதை ஆராய்தல். பிழை நீக்கமும் பொருள் மாற்றமும் ஒன்றல்ல. மூன்றாவது, திருத்தத்தின் செலவை யார் தாங்கினர் என்று கேட்டல். முதல்நாளில் முழுவிலை கொடுத்து, பிழைகளைத் தாமே கண்டறிந்து, பொறுமையாக எழுதி அறிவித்தவர்களின் ஊதியமற்ற உழைப்பே இன்றைய ஸ்டெலாரிஸின் ஒரு பகுதி. படைப்பின் முகப்பில் அவர்களது பெயர்கள் இல்லை.

அப்படியாயின் எது ஸ்டெலாரிஸ்? எந்த ஒரு பதிப்பும் அன்று. 2016 முதல் அது கடந்துவந்த பதிப்புகள் யாவற்றினதும் தொடர்ச்சியே ஸ்டெலாரிஸ். நடுவீடின்றித் தொடங்கிய அம்மனை இன்று பெருமளவு வாழத்தக்கதாகியுள்ளது. முதல் வெளியீட்டினும் இன்றைய படைப்பு ஆழமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரங்கேற்றம் முடியுமுன்னரே நுழைவுச்சீட்டு விற்கப்பட்டது என்பதையும், அவையோரே குறைகளைக் கண்டு கூறினர் என்பதையும் மறந்துவிட்டு அவ்வாழத்தைப் புகழ்வது நேர்மையாகாது.