ஒரு காலுக்குள் எத்தனை எழுத்து

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் 8-பி பேருந்து நிலையத்துச் சந்தடியை விட்டு பிஜயகர் பக்கம் நடந்தால், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய குடியிருப்புகள் தொடங்கும். ஆர்மோனியமும் தபலாவும் பிள்ளை வளர்ப்பில் சேர்த்தி என்று நினைக்கிற ஊர் இது. அங்கே சாயங்காலம் ஒரு ஜன்னலோரம் நின்று தபலாப் பாடம் கேட்பது எனக்குக் கச்சேரி கேட்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

குழந்தை கையால் மாத்திரை போடுகிறது. முதலில் தட்டுக்கு ஒரு சொல். பிறகு அதே தட்டுக்கு இரண்டு சொல், அது துகுண். அப்புறம் நான்கு, அது சௌகுண். கை மாறவே கூடாது, வாய் மட்டும் மாற வேண்டும். சரளி வரிசையை மூன்று காலம் பாடி வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. பாதி, கால் என்ற பேச்சே எழாமல் பின்னம் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது.

இதை ஏட்டில் எழுதுவதற்கு வங்காளிகள் கண்ட வழிதான் என்னை மயக்கியது. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் செப்பனிட்டுப் பரப்பிய ‘ஆகார மாத்திரிக’ ஸ்வரலிபி அது. ஸ, ர, க, ம என்று எழுத்துகளே ஸ்வரங்கள். எழுத்தின் வலப்பக்கம் நிற்கிற ஆகாரக் கோடு ஒரு மாத்திரை. ‘ஸா’ என்றால் ஒரு மாத்திரை முழுதும் ஸட்ஜம். ‘ஸரா’ என்றால் இரண்டு ஸ்வரத்துக்கும் அரை அரை. ‘ஸரகமா’ என்றால் நான்குக்கும் கால் கால். மேல்நாட்டு முறையில் வட்டம் முழுசு, காம்பு முளைத்தால் பாதி, உள்ளே கறுத்தால் கால், ஒரு வால் ஒட்டினால் அரைக்கால், இரண்டு வால் என்றால் வீசம் என்று வடிவங்களை மனப்பாடம் செய்தாக வேண்டும். இங்கே அந்தச் சுமை இல்லை. ஒரு கோட்டோடு எத்தனை எழுத்து ஒண்டியிருக்கிறது என்று எண்ணத் தெரிந்தால் போதும். தாகூர் பாட்டுகளின் ‘ஸ்வரவிதான்’ தொகுதிகள் இந்த லிபியில்தான் அச்சாகின்றன.

தமிழனுக்கு இதில் தனிச் சுவை உண்டு. அவர்கள் முழு மாத்திரை என்று கொள்ளும் அந்தக் கோட்டுக்கு நம் எழுத்தில் பெயர் கால். கால் என்றால் நமக்கு நான்கில் ஒரு பங்கும்தான். அவர்கள் அரை மாத்திரைக்கு விசர்க்கத்தின் இரண்டு புள்ளியை வைக்கிறார்கள். நம் இலக்கணத்தில் மூன்று புள்ளி ஆய்தத்துக்கு அரை மாத்திரை. கால் மாத்திரைக்கு அவர்கள் சொல்வது ‘ஸிகி மாத்திரை’. ஸிகி என்பது நாலணாக் காசின் பெயர். எழுத்தையும் காசையும் காலத்தையும் ஒரே அளவுகோலால் அளந்த புத்தி இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

தபலாத் தேர்வில் ஒரு கேள்வி வரும். கணக்கு வாத்தியார்கள் பொறாமைப்பட வேண்டிய கேள்வி. தீன்தால் என்ற தாளத்துக்கு 16 மாத்திரை. அதன் அடிப்படைச் சொற்கட்டான டேக்காவைத் துகுணில் ஒரு தடவை சொல்லிச் சரியாக முதல் மாத்திரையான ‘ஸம்’மில் வந்து சேர, எங்கே தொடங்க வேண்டும்? எட்டு மாத்திரைதான் பிடிக்கும், ஆகவே ஒன்பதாவதில். சௌகுண் என்றால் பதின்மூன்றாவதில். தட்டுக்கு மூன்று சொல் விழும் திகுண்தான் குசும்பு பிடித்தது. 16-ஐ மூன்றால் வகுத்தால் ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும். முதல் பத்து மாத்திரை போக, பதினொன்றாவதை மூன்றாகப் பிளந்து, இரண்டு பங்கு வாய்மூடி இருந்து, மூன்றாவது பங்கில் ‘தா’ விழ வேண்டும். பின்னத்தைக் கழிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கழித்த இடத்தில் மௌனமாக இருக்கவும் தெரிய வேண்டும்.

பீட்சாவை வெட்டிப் பின்னம் காட்டுகிறவர்கள் இதைத் தர முடியாது. வெட்டிய துண்டு தட்டில் கிடக்கும். சந்தேகம் வந்தால் திரும்ப எண்ணிக்கொள்ளலாம். வெட்டிய காலம் போயே போய்விடும். அடுத்த துண்டும் அதே அளவு என்பதற்குக் காதுதான் சாட்சி.

ஆனால் எல்லாம் பின்னத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தால் இசை சிரிக்கும். தாத்ரா தாளத்துக்கு ஆறு மாத்திரை, மூன்று மூன்றாக. தாகூர் உண்டாக்கிய ஷஷ்டி தாளத்துக்கும் ஆறு, ஆனால் இரண்டும் நான்குமாக. எண் ஒன்று, நடை வேறு. 3/4, 6/8 என்ற மேல்நாட்டுத் தாளக்குறிகளும் அப்படியே. கணக்கு நோட்டில் இரண்டும் முக்கால். பாட்டில் ஒன்று இன்னொன்றின் இடத்தில் நிற்காது. பின்னம் அளவைச் சொல்லும். எந்த இடத்தில் எடை விழ வேண்டும் என்பதைக் குருவின் கைதான் சொல்லித் தரும்.

உங்கள் வீட்டில் பின்னம் பிடிபடாத பிள்ளை இருந்தால், நோட்டை மூடிவிட்டு மேசையில் ஒரே சீராகத் தட்டச் சொல்லுங்கள். தட்டுக்கு ஒரு சொல், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மூன்றைக் கடைசியில் வையுங்கள். அதற்கு நமக்கே கொஞ்சம் பயிற்சி வேண்டும்.