ஓநாய் ஆட்டத்தில் சுன் சூ

போன தீபாவளிக்கு கேமரன் மலையில் மாமா வீட்டில் இருந்த மூன்று நாளும் மழை. ஹாபுவுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு லயம். சாயங்காலம் ஐந்து மணிக்கே பனி இறங்கி எதிர் வீடு மறைந்துவிடும். நெட்டும் கிடைக்கவில்லை. அப்படித்தான் ஓநாய் ஆட்டத்தில் போய் உட்கார்ந்தோம்.

விளையாடாதவர்களுக்காக: ஏழு பேர். சீட்டு எடுத்ததில் இரண்டு பேர் ஓநாய், மற்றவர்கள் கிராமத்தார். யார் எது என்று ஓநாய்களுக்கு மட்டும் தெரியும். பகலில் எல்லோரும் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரைத் தூக்கில் போட வேண்டும். ராத்திரி எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஓநாய்கள் மட்டும் விழித்து ஒருவரைத் தின்னும். கிராமத்தாரில் ஒருவர் குறிசொல்லி. ராத்திரிக்கு ஒருவர் வீதம் யார் என்ன என்று தெரிந்துகொள்ளலாம். ஓநாய் இரண்டும் செத்தால் கிராமத்துக்கு வெற்றி, இரு பக்கமும் எண்ணிக்கையில் சமமானால் ஓநாய்க்கு வெற்றி. 1986ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் உருவாக்கிய ‘மாஃபியா’தான் இதன் மூலம். 1997ல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் வேஷம் போட்டார். கொரோனா காலத்தில் நாமெல்லாம் மாய்ந்து மாய்ந்து ஆடிய ‘அமாங் அஸ்’ இதன் பேரப்பிள்ளை. நம் ‘ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன்’ சீட்டு தூரத்துச் சொந்தம்.

என் மச்சான் வியூகப் பைத்தியம். போனில் சுன் சூவின் ‘போர்க்கலை’ வைத்திருப்பான். சண்டை, சதுரங்கம், வியாபாரம், காதல், எதற்கும் அதே விதி என்பான். இந்த மாதிரி ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் வாசகர் வட்டங்களில் திருக்குறளை வைத்து இதையே செய்கிறவர்கள் உண்டு. பொருட்பாலைக் கொடுத்தால் கம்பெனியே நடத்திவிடுவார்கள்.

அவனுக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எதிரியையும் அறி, உன்னையும் அறி என்பது சுன் சூவின் அடித்தளம். ஓநாய் ஆட்டத்தில் எதிரி யார் என்பதே கேள்வி. கேள்வியையே பதிலாகக் கொடுத்தால் என்ன செய்வது? குறள் இந்த இடத்தில் கொஞ்சம் கிட்டே வருகிறது. ‘உட்பகை’ என்று தனி அதிகாரமே இருக்கிறது. ஆனால் அது ஓர் அரசனைப் பார்த்துச் சொல்வது. அரசன் தன்னைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, அவனை யாரும் தூக்கிலும் போடமாட்டார்கள். எங்கள் வட்டத்தில் அரசன் கிடையாது. ‘ஒற்றாடல்’ இன்னும் நடைமுறையானது: ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால் நம்பலாம் என்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே குறிசொல்லி. “நான்தான்” என்று இரண்டு பேர் எழுந்து நிற்கும்போது மூன்றாமவனுக்கு எங்கே போவது?

கணக்கு? போட்டுப் பார்த்தேன். ஏழு பேர், இரண்டு ஓநாய், பகலில் தொடக்கம், குறிசொல்லியை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டால் கிராமம் நூற்றுக்கு 23 தடவைதான் ஜெயிக்கும். அதற்கு மேலே ஏறுவதெல்லாம் பேச்சு, குரல், முகம் ஆகியவற்றால் வருவது. அந்தக் கணக்கில் அவை இல்லை.

ஒரு கோட்பாடு மட்டும் பிசகாமல் வேலை செய்தது. தாமஸ் ஷெல்லிங் 1960ல் எழுதிய ‘தி ஸ்ட்ராடஜி ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ புத்தகத்தில் இருப்பது. பேசிவைத்துக்கொள்ளாத இரண்டு பேர் நியூயார்க்கில் சந்திக்க வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில், பகல் பன்னிரண்டு மணிக்கு. தகவல் இல்லாத இடத்தில், எல்லோர் கண்ணும் தானாகப் போய் நிற்கிற இடமே முடிவாகிவிடும்.

எங்கள் கண் போய் நின்ற இடம் பாய்.

பாய் பக்கத்து லயத்துப் பையன், வங்காளதேசம். ஒரு காலத்தில் தமிழர்கள் நிரம்பியிருந்த லயங்களில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான். இரண்டு வருஷத்தில் அவனுக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வந்திருந்தது. பலகாரம் சாப்பிட வந்தவனை மாமாதான் உட்காரவைத்தார். முதல் ஆட்டம், முதல் பகல். யாருக்கும் எதுவும் தெரியாது. ஐந்து கை பாய் பக்கம் நீண்டது. சீட்டைத் திருப்பினால் கிராமத்தான். இரண்டாவது ஆட்டம், அதே. மூன்றாவது, அதே. முதல் இரண்டு தடவை சிரித்தான். மூன்றாவது தடவை, “நான் தே ஓ போடுறேன்” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டான்.

மச்சான் தப்பாக ஆடவில்லை என்பதுதான் இதில் கஷ்டம். ஓட்டு சிதறினால் ஓநாய்க்கு லாபம்; எங்காவது குவிய வேண்டும்; குவிய ஓர் அடையாளம் வேண்டும். கோட்பாடு அதை அச்சு அசலாகச் சொல்லிவிட்டது. அந்த அடையாளம் ஒரு ஸ்டேஷனாக இருந்தால் அழகான சிந்தனை, பலகாரம் சாப்பிட வந்த பையனாக இருந்தால்? நானும் அந்த ஐந்து கையில் ஒன்று.

அடுத்தது அத்தை. அத்தை பொய் சொல்லமாட்டாள். ஓநாய்ச் சீட்டு வந்தால் முகம் சிவந்து, “ஐயோ தம்பி, என்னைய எதுவும் கேக்காத” என்பாள், உடனே மாட்டிக்கொள்வாள். டேவிட் சர்லின் ‘பிளேயிங் டு வின்’ என்ற புத்தகத்தில் இப்படித் தனக்குத்தானே வேலி போட்டுக்கொண்டு ஆடுகிறவர்களை மட்டமான ஆட்டக்காரர்கள் என்கிறார்: விதி அனுமதிப்பதை எல்லாம் செய், ஜெயிக்க ஆடு. சண்டை வீடியோ கேம்களுக்கு அது சரி. இங்கே பாருங்கள். அத்தைக்கு ஓநாய்ச் சீட்டு வருவது ஏழில் இரண்டு. மற்ற ஐந்து தடவை, “நான் கிராமம்” என்று அவள் சொன்னால் அது கல்வெட்டு. வட்டத்தில் சந்தேகமில்லாத ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அந்த வேலிதான் கிராமத்தின் சொத்து.

ஐந்தாவது ஆட்டத்தில் மாமா அவளைக் கெடுத்தார். “வெளாட்டுத்தானேம்மா, சும்மா பொய் சொல்லு.” சொன்னாள். கண் சிமிட்டாமல், “நான்தான் குறிசொல்லி” என்றாள். ஓநாய் ஜெயித்தது. கைதட்டினோம். ஆறாவது ஆட்டத்தில் உண்மையிலேயே குறிசொல்லியாக இருந்து, ஓநாயைச் சரியாகக் காட்டினாள். நாங்கள் அத்தையைத் தூக்கில் போட்டோம்.

வியூக நூல்கள் பெரும்பாலும் ஒரு போரைத் தனியாக எடுத்துப் பேசுகின்றன. போர் முடிந்தால் எதிரி அவன் ஊருக்குப் போய்விடுவான். இந்த ஆட்டத்தில் செலவழிப்பது நம்பிக்கை. அடுத்த சீட்டு குலுக்கும்போது அது புதிதாக முளைப்பதில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பிரிந்தால் சுன் சூவும் சர்லினும் ஓரளவு தாங்குவார்கள். காலையில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் ஆடினால் தாங்கமாட்டார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது பாட்டி. அவ்வளவு நேரம் போர்வைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், அத்தையை நோக்கி விரல்கள் நீண்டதும், “போதும்யா, கைய நீட்டாதீங்க” என்றாள். பாட்டி பிறந்தது கீழே, பேராக் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில். 1948ல் அவசரகாலம் வந்தபோது சின்னப் பிள்ளை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை, விசாரணையில்லாத காவல், காட்டோரம் இருந்த ஐந்து லட்சம் பேர் வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பாட்டிக்கு ஞாபகம் இருப்பது ஒரு சாக்கு.

“எல்லாரையும் வரிசையா நிக்க வச்சிருவான். ஒருத்தன் தலைல சாக்கக் கவுத்துக்கிட்டு வருவான்யா. கண்ணுக்கு மட்டும் ஓட்ட. அவன் தலைய ஆட்டுனா லாரி. யாருன்னே தெரியாது. ஆனா நடையப் பாத்தா நம்ம தோட்டத்து ஆளு மாதிரியே இருக்கும்.”

முகமூடி போட்ட ஆள்காட்டிகளை வைத்து ஆள் பிரித்தது மலாயா அவசரகாலத்தின் வழக்கமான நடைமுறைகளில் ஒன்று. எங்கள் ஆட்டத்தையும் அதையும் ஒன்றாக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே செத்தவன் தே ஓ குடிக்கிறான். ஆனால் அந்தச் சாக்கு எதற்கு என்று யோசித்தேன். காட்டிக் கொடுத்தவன் மறுநாளும் அங்கே வாழ வேண்டும். நாளைய கணக்கை இன்றைய ஆட்டத்திலிருந்து வெட்டிவிட அரசுக்கு ஒரு சாக்குப் போதுமாக இருந்தது. மச்சானின் புத்தகங்களும் ஆட்டக்காரர்களுக்கு அதைத்தான் மாட்டிவிடுகின்றன. சாக்கு இல்லாமல் அத்தையைப் பார்த்துக் கை நீட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவற்றுக்குத் தெரியாது.

ஏழாவது ஆட்டம் வேண்டாம் என்று நினைத்தோம். பாட்டிதான் பாயைக் கூப்பிட்டாள். மாமாவின் தம்பி தூங்கிவிட்டதால் அவர் இடத்தில் அவளே உட்கார்ந்து சீட்டும் வாங்கிக்கொண்டாள். முதல் பகல். மச்சானுக்கு மூன்று கை, பாய்க்கு மூன்று கை. பாட்டி இரண்டு கையையும் போர்வைக்குள் விட்டுக்கொண்டாள்.

“நான் யாரையும் காட்டமாட்டேன்.”

“பாட்டி, கட்டாயம் ஓட்டுப் போடணும்.”

“எந்த சட்டத்துல இருக்கு?”

ஆட்டத்தை நடத்திய என் தங்கை விதியைத் தேடிப் பார்க்கப் போனை எடுத்தாள். நெட் கிடைக்கவில்லை. சமம் என்றால் தூக்கு இல்லை என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். அந்த ராத்திரி ஓநாய்கள் மாமாவைத் தின்றன. அன்றைக்கு முதல்முறையாக பாய் இரண்டாம் பகலில் கண் விழித்தான்.